ஆற்றங்கரை ஊர்களின் பழைய நிலப்படங்களும் நாமும்

(சங்கத்தின் வெள்ளி விழாவையொட்டி மணவாள நகரில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



வெள்ளி விழா மேடையில் கல்வியைப் பற்றிப் பேசுவது மரபு. தேர்வு, பட்டம், உத்தியோகம் ஆகியவை பற்றி நமக்கு முன் பேசியவர்கள் நன்றாகவே எடுத்துரைத்தனர். நாம் பேச எடுத்துக்கொண்டிருப்பது வேறொரு படிப்பு. எந்தப் பள்ளியிலும் அதற்கு மதிப்பெண் இல்லை. தேர்விலே ஐந்து மதிப்பெண்ணுக்கு ஒரு வினாவாக வந்து போவதோடு சரி. நிலப்படம் படிக்கும் படிப்பைத்தான் சொல்லுகிறோம்.

இதோ இந்த மேசையின்மேல் விரித்திருக்கும் தாளைப் பாருங்கள். இந்திய நில அளவைத் துறை வெளியிட்ட ஓரங்குலப் படத்தின் படி இது. ஓர் அங்குலத்துக்கு ஒரு மைல் என்னும் அளவு. தாளின் எண் 57 ஓ/16. நாட்டின் எந்த மூலையில் இருப்பவரும் இந்த எண்ணைச் சொன்னால் போதும். திருவள்ளூரும் அதைச் சூழ்ந்த ஊர்களும் அடங்கிய தாள் எடுத்துத் தரப்படும். கும்மிடிப்பூண்டியில் வேலைக்குப் போகும் தம்பிமார்கள் தங்கள் தொழிற்சாலை இருக்கும் இடத்தைப் பார்க்க விரும்பினால் 66 சி/3 என்னும் தாளைக் கேட்க வேண்டும். நிலவுலகின் கோடுகளை வைத்தே இந்த எண்கள் அமைந்தன. எவருடைய விருப்பு வெறுப்பும் அவற்றில் கிடையாது. நமக்கு எண் இட்டு அழைப்பதில் நல்ல அனுபவம் இல்லையாயினும், இந்த எண் நமக்குப் பகையன்று.

தாளில் முதலில் கண்ணிற்படுவன ஆறுகள். வடக்கே கொசத்தலை ஆறு, தெற்கே கூவம். கேசாவரம் அணைக்கட்டில் பிரிந்து, கூவம் ஏரியின் மிகைநீரையும் சேர்த்துக்கொண்டு வருகிற அந்த ஆறு, சென்னைக்காரர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு கடக்கும் அதே கூவம்தான் என்று சொன்னால் நம் பிள்ளைகளே நம்புவதில்லை. படத்தில் அது அகன்ற மணற்படுகை உடைய நல்ல ஆறாகவே வரையப்பட்டிருக்கிறது. இரண்டு ஆறுகளுக்கும் நடுவே வீரராகவர் கோயிலும் திருக்குளமும் உடைய ஊர். ஊருக்குத் தெற்கே சற்று ஒதுங்கி, கறுப்புக் கோடாக இருப்புப்பாதை. இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை 1856-இல் ஓடத் தொடங்கிய தென்னிந்தியாவின் முதல் தொடர்வண்டி இவ்வழியே சென்றது. நாம் கூடியிருக்கும் மணவாள நகர் அந்த நிலையத்தை ஒட்டியது. பழைய தாள்களில் நம் பகுதியைத் தேடுவோர் 'நகர்' என்று தேடிக் களைத்துப் போக வேண்டா. வருவாய்க் கிராமத்தின் பெயரைக் கொண்டே தேட வேண்டும். ஏனெனில் புல எண் எல்லாம் வருவாய்க் கிராமத்துக்கு உரியவை. நகர்கள் பின்னால் வந்தவை.

இனி நம் கேள்விக்கு வருவோம். இந்தத் தாளில் நாம் எங்கே இருக்கிறோம்?

ஊர் இருக்கிறது, ஊரின் பெயர் இருக்கிறது. கோயிலுக்கு ஒரு குறி, அஞ்சலகத்துக்கு ஒரு குறி, பயணியர் மாளிகைக்கு ஒரு குறி. ஊரிலிருந்து சற்றுத் தள்ளி, பெரும்பாலும் ஏரிக்கரையின் கீழ்ப்புறம் தாழ்ந்த நிலத்தில், கடுகு அளவில் நாலைந்து புள்ளிகள் தனியே கிடக்கின்றன. பெயர் இல்லை. நூறு கெசம் அகலமுள்ள குடியிருப்பு ஓரங்குலப் படத்தில் ஒன்றரை மில்லிமீட்டர்தான் வரும் என்பது கணக்கு. ஆயினும் அதே அளவுள்ள சத்திரத்துக்குப் பெயர் எழுத இடம் கிடைத்திருக்கிறது. அந்தப் பெயரில்லாப் புள்ளிகள்தாம் நாம். கண்ணாடி வைத்துப் பார்க்கும் எந்த இளைஞனும் சாதி என்பது நிலத்தின்மேல் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதை ஒரே பார்வையில் அறிவான். ஊருக்கும் சேரிக்கும் நடுவே விடப்பட்ட வெற்றிடத்தை அளவுகோல் கொண்டு அளக்கலாம். நாமும் அளந்தோம். வெள்ளம் வந்தால் எது முதலில் மூழ்கும் என்பதையும் அதே தாள் சொல்லும். 2015 திசம்பர் வெள்ளத்தில் எந்தத் தெருக்களில் இடுப்பளவு நீர் நின்றது என்று நினைவுள்ளவர்கள், தாளில் ஏரியின் கலங்கலும் அதன் கீழ் ஓடும் ஓடையும் எங்கே வரையப்பட்டிருக்கின்றன என்று விழா முடிந்தபின் வந்து பார்க்கலாம்.

இப்படங்கள் எப்படி உண்டாயின என்பதைச் சிறிது கூறுவோம். வெள்ளையர் கம்பெனிக்கு ஆர்க்காட்டு நவாபு விட்டுக்கொடுத்த 'ஜாகீர்' நிலப்பகுதியே பின்னர்ச் செங்கற்பட்டு மாவட்டம் ஆயிற்று. அதனைத் தாமஸ் பர்னார்டு என்னும் பொறியாளர் 1767 முதல் 1774 வரை அளந்தார். ஏறத்தாழ இரண்டாயிரம் ஊர்கள். எந்த ஊரில் எத்தனை வீடுகள், எந்தச் சாதியார் எத்தனை பேர், விளைச்சலில் தச்சனுக்கு எவ்வளவு, தோட்டிக்கும் வெட்டியானுக்கும் எவ்வளவு என்பதெல்லாம் அவ்வளவையின் கணக்கில் உண்டு. அடுத்து மைக்கேல் டாப்பிங் என்பவர் 1794-இல் சென்னையில் நில அளவைப் பள்ளி ஒன்று தொடங்கினார். அநாதை விடுதியிலிருந்து எடுத்த சிறுவர்களே அதன் மாணாக்கர்கள். தந்தை பெயர் சொல்ல இயலாத பிள்ளைகளின் கையால் இந்த நாட்டின் எல்லைகள் வரையப்பட்டன என்பது சிந்திக்கத் தக்கது.

1802 ஏப்ரல் 10-ஆம் நாள் வில்லியம் லாம்டன் பரங்கிமலை அருகே அடிக்கோடு ஒன்றை அளக்கத் தொடங்கினார். நூறு அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலி, வெயிலில் நீண்டுவிடாதபடி மேலே கூடாரத் துணி, கீழே மரப்பெட்டிகள். ஏழரை மைல் அளந்து முடிக்க ஏழு வாரத்துக்கு மேல் ஆயிற்று. அந்த ஒரு கோட்டின்மேல் முக்கோணங்களை அடுக்கிக்கொண்டே போய்த்தான் இமயம் வரை அளந்தனர். இதில் நமக்கு இன்னொரு மகிழ்ச்சியும் உண்டு. அதே பரங்கிமலையில்தான் 1883-இல் பெருந்தலைவர் எம்.சி. இராசா பிறந்தார். இரண்டுக்கும் தொடர்பு ஒன்றும் இல்லை. ஆயினும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

சங்கிலி இழுத்தவர்கள் யார்? கொடி பிடித்து முள்ளிலும் சேற்றிலும் நின்றவர்கள் யார்? தாளின் ஓரத்தில் அளவை அதிகாரியின் பெயர் உண்டு. அவர்கள் பெயர் இல்லை. ஆனால் எல்லைக்கல் எங்கே என்று காட்டியவர் யார் என்பதில் ஐயமில்லை. ஊர்தோறும் அது வெட்டியானின் கடமை. எல்லை வழக்கு வந்தால் பறையரின் சொல்லையே முடிவாகக் கொள்வர் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டு அதிகாரிகள் வியந்து எழுதி வைத்திருக்கின்றனர். ஊரின் ஒவ்வொரு வரப்பும் அறிந்தவன் அவனே. அவனுக்கு ஒரு வரப்பும் சொந்தமில்லை. இந்த இரண்டு செய்திகளையும் சேர்த்துப் படித்தால் நம் வரலாற்றில் பாதி விளங்கிவிடும்.

ஓரங்குலத் தாளோடு நின்றுவிட்டால் நமக்குப் பயன் குறைவு. உரிமை பேசுவோருக்கு வேண்டியது கிராம வரைபடம். மைலுக்குப் பதினாறு அங்குலம் என்ற பெரிய அளவில் வரைந்த பழைய படங்கள் உண்டு. ஓரங்குலம் என்பது அதில் ஐந்து சங்கிலி, அதாவது 330 அடி. ஒவ்வொரு வயலும், ஒவ்வொரு வாய்க்காலும், வண்டிப்பாதையும், குட்டையும், இடுகாடும் தனித்தனிப் புல எண்ணோடு காணப்படும். அந்த எண்ணை எடுத்துக்கொண்டு 'அ' பதிவேட்டுக்குச் சென்றால், அந்த நிலம் பட்டாவா, தரிசா, புறம்போக்கா, எவ்வளவு தீர்வை, யார் பெயரில் என்பதெல்லாம் வரிசையாக இருக்கும். இன்னும் நுட்பமாக ஒரு வயலின் நான்கு பக்க அளவும் வேண்டுமானால் புலப்படம் பார்க்க வேண்டும். பதிவேட்டின் கடைசிக் கட்டம் 'குறிப்பு' என்பது. படித்தவர்களும் அதைப் பாராமல் விட்டுவிடுகின்றனர். நம் சமுதாயத்தின் சொத்து அந்தக் கடைசிக் கட்டத்தில்தான் ஒளிந்திருக்கிறது.

அது எப்படி என்றால், செங்கற்பட்டு மாவட்டத்தின் ஆட்சியராக இருந்த டிரமென்ஹீர் என்பவர் 1891-இல் அரசுக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். இந்த மாவட்டத்துப் பறையர் நிலைமையைப் பற்றியது அது. திருவள்ளூரும் அன்று இம்மாவட்டத்தில் அடங்கியதே. தரிசு நிலத்துக்குத் தரகாஸ்து மனுக் கொடுத்தால் மிராசுதாரர்கள் குறுக்கே நின்று தடுக்கின்றனர். குடியிருக்கும் மனையே மிராசுதாரருக்கு உரியது என்று சொல்லி, எதிர்த்துப் பேசுபவனை வீட்டைவிட்டு வெளியேற்றுவதாக மிரட்டுகின்றனர் என்று அவர் எழுதினார். மனையும் நிலமும் இவர்களுக்குச் சொந்தமானால்தான் கல்வி முதலிய மற்றவை வேர்விடும் என்பது அவர் வாதத்தின் சாரம். அதன்மேல் 1892 செப்டம்பர் 30-இல் 1010 என்னும் எண்ணுள்ள ஆணை பிறந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது அந்த வழியாக வந்ததே. முதற் பத்தாண்டுகள் எவருக்கும் விற்கலாகாது. பின்னரும் ஒடுக்கப்பட்ட வகுப்பார்க்கன்றிப் பிறர்க்கு விற்கலாகாது என்பது நிபந்தனை. பதிவேட்டில் குறிப்புக் கட்டத்தில் 'டி.சி. நிபந்தனை' என்று சிறிதாக எழுதியிருப்பார்கள். அந்த இரண்டு எழுத்துகளை அறியாததால் கைநழுவிய வயல்கள் எத்தனையோ!

1994 அக்டோபர் 10-இல் பஞ்சமி நில உரிமை கேட்டுச் செங்கற்பட்டில் திரண்ட மக்கள்மீது காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது. ஜான் தாமஸ், ஏழுமலை என்னும் இருவர் உயிர் நீத்தனர். அதனை நினைக்குந்தோறும் நமக்குத் தோன்றுவது, அவர்கள் கேட்டது புதிய சலுகை அன்று, நூறாண்டுக்கு முந்திய பதிவேட்டில் எழுதி வைத்திருந்ததை என்பதே.

பதிவேடுகள் காலத்துக்குக் காலம் மாறின. 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் புதிய எண்களும் உட்பிரிவுகளும் ஏற்பட்டன. பழைய குறிப்பு ஒன்றைப் புதிய ஏட்டில் எடுத்து எழுதாமல் விட்டுவிட்டால், அந்த நிலத்தின் வரலாறு அங்கேயே அறுந்து போகிறது. ஆதலால் புதிய ஏட்டை மட்டும் பார்த்து 'இல்லை' என்று திரும்பிவிடக் கூடாது. பழைய எண்ணையும் புதிய எண்ணையும் ஒப்பிடும் பட்டியல் உண்டு. அதைக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

நம் வட்டாரத்துக் குடியிருப்பு ஒன்றில் நேர்ந்ததைச் சொல்லுகிறோம். ஊர்ப் பெயர் வேண்டா. அங்கே இடுகாட்டுக்குச் செல்லும் பாதையில் வேலி போட்டுவிட்டார்கள். பிணத்தைத் தூக்கிக்கொண்டு நெல் வயலின் வரப்பில் இறங்கி நடக்க வேண்டியிருந்தது. மழைக்காலத்தில் ஒருமுறை பாடையோடு சறுக்கி விழுந்தார்கள். அலுவலகம் ஒன்றில் மனுக் கொடுத்தபோது, அப்படி ஒரு பாதை பதிவில் இல்லை என்று ஒரே வரியில் விடை வந்தது. நாம் பழைய கிராம வரைபடத்தின் படி ஒன்றைத் தேடி எடுத்தோம். அதில் இரட்டைப் புள்ளிக்கோடு தெளிவாக இருந்தது; அதற்குத் தனிப் புல எண்ணும் இருந்தது; பதிவேட்டில் 'பாதைப் புறம்போக்கு' என்றும் இருந்தது. படத்தில் கண்ட பாதையை நிலத்தில் எங்கே என்று காட்டுவது? நம் பிள்ளைகள் இரண்டு நாள் நாடாவைப் பிடித்துக்கொண்டு அலைந்தும் பிடிபடவில்லை. மூன்றாம் நாள், தந்தையார் வெட்டியான் வேலை பார்த்த ஒரு பெரியவர் தடியை ஊன்றிக்கொண்டு வந்தார். "அந்தக் கல்லைத்தானே தேடுறீங்க, அது இங்க இருக்கு" என்று வேலிகாத்தான் புதரைக் காட்டினார். வெட்டிப் பார்த்தால் கல் இருந்தது. படத்தின் அளவும் கல்லின் இடமும் ஒத்தன. மற்ற இரண்டு கற்களைக் காணோம். அவை நடந்துபோய்விட்டன போலும்!

முடிவு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். பாடை செல்லும் அளவுக்கு வேலி விலகியது. பாதை முழு அகலத்துக்கும் இன்னும் வரவில்லை, மனு நடந்துகொண்டிருக்கிறது. அந்தப் பெரியவர் சென்ற ஆண்டு மறைந்தார். அவரை அந்தப் பாதை வழியேதான் கொண்டுசென்றோம்.

பாதையைப் பற்றிப் பேசும்போது ஒன்று நினைவுக்கு வருகிறது. படத்தில் கோடு இருப்பது ஒன்று. அதில் நம் கால் பதிவது வேறு. இரட்டைமலை சீனிவாசன் 1924-இல் சென்னைச் சட்டமன்றத்தில் பொதுச் சாலை, பொதுக் கிணறு, குளம் எல்லாம் அனைவர்க்கும் உரியன என்று தீர்மானம் கொண்டுவந்த பின்பே அந்தக் கோடுகளில் பல நமக்குச் சட்டப்படி பாதை ஆயின. அரசு வரைந்த படத்தில் 'பொதுப் பாதை' என்று இருந்தும் நம் முன்னோர் அதில் நடக்க இயலாதிருந்தனர். அதனால் படத்தை மட்டும் நம்பிப் பேசுவோர்க்கு நாம் முழு உடன்பாடு தருவதற்கில்லை.

பெயர்களைப் பற்றியும் ஒரு சொல். 1922-இல் எம்.சி. இராசா முயற்சியால் பறையர், பஞ்சமர் என்ற சொற்களை நீக்கி ஆதிதிராவிடர் என்று அரசு எழுதத் தொடங்கியது. 2025 ஏப்ரலில் 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் எனத் தமிழக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். இரண்டும் வரவேற்கத் தக்கவை. ஆனால் பழைய ஏட்டில் தேடும் இளைஞன் இழிசொல்லையும் அறிந்திருக்க வேண்டும். அந்த அருவருப்பான சொல்லின் கீழ்தான் நம் பாட்டனின் மனை எழுதப்பட்டிருக்கிறது. சொல்லைக் கண்டு முகம் சுளித்து ஏட்டை மூடிவிட்டால் மனையும் போய்விடும்.

கொசத்தலை ஆற்றுப் பக்கம் சிறிது செல்வோம். 1940-ஐ ஒட்டிய தாளில் இல்லாத பெரிய நீலப் பரப்பு ஒன்று அதற்குப் பிந்திய தாள்களில் வந்துவிடுகிறது. அதுவே பூண்டி நீர்த்தேக்கம். சென்னை மேயராக இருந்த சத்தியமூர்த்தியின் முயற்சியால் தொடங்கப்பெற்று 1944-இல் முடிந்தது. அதன் கொள்ளளவு 3231 மில்லியன் கன அடி. சென்னைக்குக் குடிநீர் வந்தது. திருவெண்பாக்கம் நீரில் மூழ்கியது. அங்கிருந்த ஊன்றீசுவரர் கோயிலைப் பெயர்த்துக் கொணர்ந்து பூண்டியில் அமைத்தார்கள்; இன்றும் வழிபாடு நடக்கிறது. அந்த நிலங்களில் கூலிக்கு நாற்று நட்டவர்கள் எங்கே பெயர்ந்தார்கள் என்பதற்கு இரண்டு தாள்களையும் அருகருகே வைத்துப் பார்த்தாலும் விடை இல்லை. பழைய தாளில் புள்ளி. புதிய தாளில் நீலம். நம் சங்க உறுப்பினர்களுள் பூண்டிப் பக்கத்து வேர் உடையவர்கள் உளர். வீட்டு மூதாட்டிகளிடம் கேட்டு எழுதி வைக்குமாறு அவர்களை வேண்டுகிறோம். அரசுப் படம் எழுதாமல் விட்டதை எழுதுவதற்கு வேறு ஆள் இல்லை.

அதே பூண்டிக்கு அருகில்தான் அத்திரம்பாக்கம். 1863-இல் இராபர்ட் புரூஸ் ஃபூட் அங்கே கற்கால மனிதனின் கைக்கோடரிகளைக் கண்டெடுத்தார். அவை பதினைந்து இலட்சம் ஆண்டுப் பழமை உடையவை என்று 2011-இல் அறிஞர்கள் வெளியிட்டனர். ஃபூட் நிலவியல் துறையினர். ஓடைகள் மண்ணை அரித்த இடங்களைப் படத்தில் குறித்துக்கொண்டு நடந்தே சென்றவர். அந்தக் கோடரிகளைச் செய்தவனுக்குச் சேரியும் இல்லை, அக்கிரகாரமும் இல்லை. பூண்டி அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளை ஒருமுறையேனும் அழைத்துச் செல்லுங்கள்.

எங்கே தேடுவது என்ற கேள்வி இளைஞர்களிடமிருந்து வந்துள்ளது. திருவள்ளூர் தனி மாவட்டம் ஆனது 1997-இல்தான். அதற்கு முந்திய ஏடுகளைச் செங்கற்பட்டு மாவட்டம் என்ற பெயரிலே கேட்க வேண்டும். திருத்தணிப் பகுதியோ 1960 வரை ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது; அங்குள்ள உறவினர்க்கு வேறு தேடல். எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் பழைய அளவை ஏடுகளும் அறிக்கைகளும் உள்ளன. வட்டாட்சியர் அலுவலகத்தில் கிராம வரைபடமும் புலப்படமும் உரிய கட்டணத்துக்குப் படி எடுத்துக்கொள்ளலாம். இப்போதைய புலப்படமும் 'அ' பதிவேடும் இணையத்தின் வழியே கைப்பேசியிலேயே கிடைக்கின்றன. ஆனால் கைப்பேசியில் வருவது புதிய ஏடு. பழையதற்கு நேரில்தான் செல்ல வேண்டும். தாளின் மூலையில் 'அளந்த ஆண்டு' என்பதையும் 'அச்சிட்ட ஆண்டு' என்பதையும் வேறுபடுத்திப் பாருங்கள். இரண்டுக்கும் நடுவே பல ஆண்டுகள் இருக்கக்கூடும். இன்னொன்று: நில அளவைத் துறையின் ஓரங்குலத் தாள் உடைமைக்குச் சான்று ஆகாது. அதைக் காட்டி வழக்காடப் புறப்பட்டு ஏமாற வேண்டா. ஓடை இருந்தது, பாதை இருந்தது, குடியிருப்பு இருந்தது என்பதற்கு அது துணை நிற்கும். சொந்தம் யாருக்கு என்பதற்குப் பதிவேடே பேசும்.

கடைசியாகச் சங்கத்தின் வேலை ஒன்றைத் தெரிவித்துக்கொள்கிறோம். நம் கிராம வரைபடத்தை நான்கு மடங்கு பெரிதாக்கிச் சங்கக் கட்டடத்துச் சுவரில் மாட்டியிருக்கிறோம். அதில் எண்கள் மட்டும் உள்ளன. ஒவ்வொரு வயலுக்கும், மேட்டுக்கும், மடுவுக்கும் நம் மக்கள் இட்டு வழங்கிய பெயர் உண்டு. அவற்றைப் பென்சிலால் எழுதி வருகிறோம். இதுவரை நாற்பத்தொரு பெயர்கள் சேர்ந்துள்ளன. அவற்றுள் ஏழு பெயர்களைச் சொன்னவர்கள் ஏரி வேலைக்குப் போகும் தாய்மார்கள். பெரியோர்கள் ஞாயிறு காலை பத்து மணிக்கு மேல் வந்தால், எழுதிக்கொள்ளப் பிள்ளைகள் அங்கே காத்திருப்பார்கள். கண் பார்வை மங்கியவர்கள் வருந்த வேண்டா. படத்தில் எங்கே என்று காட்டத் தேவையில்லை. ஏரி மதகிலிருந்து எந்தப் பக்கம், எத்தனை வயல் தள்ளி என்று சொன்னால் போதும்.